ஏ ஒன் முத்திரை

இடது கை விரல்நுனிகளில் பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு, வலது கை மரக்குச்சியால் அதன் விளிம்பில் ஒருமுறை தட்டினாள். நல்ல தட்டு மணிபோல ஒலித்து, மெல்லத் தேய்ந்து அடங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மொத்தென்று அப்போதே நின்றுவிடும். ஒலித்தால் அடியில் நீல மையில் ‘ஏ ஒன்’ முத்திரை, இல்லையென்றால் காலடியில் இருக்கும் கூடை. பெரிய தட்டுகளுக்கு இந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்களாக அவள் காதுதான் தீர்ப்பு. கூடைக்குப் போனதை வேறு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்தத் தட்டும் கூடைக்குப் போனது.

அந்த இரண்டு எழுத்துகள் சுவரைத் தாண்டி ஊருக்குள்ளும் போயிருந்தன. பல் பிடுங்கும் டாக்டர் ஏ ஒன். மழையில் ஒழுகாத கூரை ஏ ஒன். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வந்தால், பெண் ஏ ஒன் என்று அர்த்தம். லாரியை முட்டாமல் பின்னால் எடுத்துவிட்டால் டிரைவரே தனக்கு ஏ ஒன் கொடுத்துக்கொள்வார். புதிதாக வந்த மேனேஜருக்கு இந்தத் தாராளம் பிடிக்கவில்லை. விரிசல், புள்ளி, கோணல் எதுவும் இல்லாமல், தட்டினால் தெளிவாக ஒலிப்பது மட்டுமே ஏ ஒன் என்று எழுதித் தரம் பிரிக்கும் அறையில் ஒட்டிவைத்தார். பக்கத்து மேசையில் கோப்பைகளின் கைப்பிடியைப் பார்க்கும் அவளுடைய நாத்தனார் அதை நிதானமாகப் படித்து முடித்தாள்.

“இந்தக் கணக்குல எங்கண்ணனக் கூடையிலகூடப் போட முடியாது போலிருக்கே, அண்ணி.”

சிரிப்பு அடங்க நேரமானது. அவளும்தான் சிரித்தாள்.

கூடை நிரம்புவது அதிகமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் நூற்றுக்கு ஐந்து ஆறு கழியும். இப்போது இருபதுக்குக் குறைவதில்லை. சூளைக்காரர் கவனம் சிதறிவிட்டார் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். சூட்டைச் சீக்கிரம் இறக்கினால் தட்டு உள்ளுக்குள் வெடிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்கா கையில் ஏ ஒன் வாங்குவது லேசில்லை என்று மேனேஜர் மற்றவர்களிடம் அவளை எடுத்துக்காட்டாகச் சொன்னார். சூளைக்காரர் இரண்டு முறை அவரிடம் முறையிட்டிருந்தார். தன் பிள்ளை அழகில்லை என்று எந்தத் தகப்பன் சொல்வான் என்று மேனேஜர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சனிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் வேறு ஆள் வருவான் என்றும் சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் சூளைக்காரர் தரம் பிரிக்கும் அறைக்கே வந்தார். புருவத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். குச்சியைக் கேட்டு வாங்கி, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துத் தட்டினார். அவளுக்கு மொத்தென்றது, உடனே நின்றது. ஆனால் அவர் தலை சாய்ந்தபடியே இருந்தது. தூரத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒன்றைக் கடைசிவரை வழியனுப்புகிறவர்போல அவர் கண்கள் மெதுவாக நகர்ந்தன. நாத்தனாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தாள். அவர்கள் இருவரும் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசையின் நீளத்தை அவள் அவர்கள் முகத்தில்தான் பார்த்தாள்.

“எம்மேல எதுவும் கோவமாக்கா?” என்றார் அவர்.

இல்லை என்று தலையாட்டினாள். அவர் தட்டைக் கூடையில் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஃபோன் அடித்தால் எடுப்பதே இல்லை என்ற மகளின் புகார். பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை அவள் மாற்றிய வாசல் மணி. ஆட்கள் பேசுவது கேட்கிறது, கதவு சாத்துவது கேட்கிறது, லாரி கேட்கிறது. மெல்லிய உயர்ந்த ஓசைகள் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தன. கூடைக்குப் போன நல்ல தட்டுகள் எத்தனை என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நாத்தனார் பாதையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“உங்களுக்கு அது கேக்கல. சரியா?”

“ம்.”

“வாயத் திறக்காதீங்க, அண்ணி. அந்த ஆளு தெறமைக்கு எங்க போனாலும் கூப்பிடுவாங்க. காது போச்சுன்னு சொன்னா உங்கள யாரு கூப்பிடுவா?”

அதில் தப்பில்லை. அவளுக்கு வேறு வேலை தெரியாது. வெள்ளிக்கிழமை முழுவதும் நாத்தனாரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து முத்திரை குத்தினாள். நாத்தனார் கண்ணை மூடித் திறந்தால் ஏ ஒன். இப்படி இன்னும் சில வருடங்கள் ஓட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் மூன்று மாதக் கணக்கு சூளைக்காரர் பேரில்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மேனேஜர் அறைக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமைக் கூடையிலிருந்து எடுத்த ஆறு தட்டுகள் மேசையில் இருந்தன. எதிரில் சூளைக்காரர் சலவைச் சட்டையில், கை கட்டி நின்றார். மேனேஜர் மரியாதையாகக் குச்சியை அவளிடம் நீட்டி, இவருக்கே தெரியும்படி ஒருமுறை தட்டிக் காட்டுங்கள் என்றார். வாங்கிக்கொண்டாள். அது கைக்குப் பழகி, பிடிக்கும் இடம் வழவழவென்றிருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அதைச் சூளைக்காரரிடம் கொடுத்தாள்.

“நீங்க தட்டுங்க தம்பி. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். மணியாக் கேட்டா கையத் தூக்குறேன்.”

மேனேஜருக்குப் புரியவில்லை. சூளைக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும், “வேணாம்க்கா” என்றார்.

“தட்டுங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே முற்றத்தில் இரண்டு பேர் வைக்கோல் திணித்த பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எதற்கோ வாய் திறந்து சிரித்தான். முதுகுக்குப் பின்னால் மொத்தென்று ஒரு சத்தம். சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு ஒன்று, இன்னும் தயங்கி. லாரிக்காரன் கயிற்றை இழுத்துக் கட்டினான். நான்காவது. அவள் கைகள் புடவை மடிப்பின்மேல் அசையாமல் தொங்கின.