முதலில் சொன்ன பொய்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஆர்.கே.பேட்டைப் பெண் ஒருத்தி பயந்து பயந்து திருத்தணிக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகக் கூடாது.

அனுராதாவுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம். காலையில் குளிப்பாட்ட அண்டாப் பக்கம் போனாலே, 'நானே இதைத் தண்ணீரில் விட்டுவிட்டால்?' என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்து நிற்கும். பெற்றவளுக்கு இப்படியும் தோன்றுமா? தன்னைக் கண்டே பயந்தாள். ஏதாவது சாக்குச் சொல்லிக் குழந்தையை மாமியார் பூவம்மாளிடம் கொடுத்துவிடுவாள். தூக்கமும் போயிற்று.

தடுப்பூசி போட்ட நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திருத்தணி ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கொடுக்கும் பிரியங்கா மேடத்தைப் பார்க்கச் சொன்னார். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மேடத்தின் அம்மா வீடு அனுராதாவின் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறது. இங்கே சொல்வது குழாயடிக்கு வர எத்தனை நாளாகும்? வீட்டுக்குத் தெரிந்தால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துரத்திவிடுவார்களே.

அதனால் ஒரு பொய் சொன்னாள். அந்த வாரம் மாமியாரின் மூக்குக்கண்ணாடி காணாமல் போயிருந்தது. ஆத்திரத்தில் தான்தான் அதை ஒளித்துவைத்ததாகச் சொன்னாள். இந்தப் பேச்சு ஊருக்குள் வருகிறதா, பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

நான்காம் நாள் டவுன் பஸ்ஸில் பிரியங்கா தன் அம்மாவோடு ஏறினார். அனுராதாவைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'அம்மாகிட்ட சொல்லிட்டாங்க' என்று அனுராதா முடிவுகட்டினாள். தன் நிறுத்தம் வரும் முன்பே இறங்கி, வெயிலில் நடந்தாள்.

சாயங்காலம் பூவம்மாள் அவளை வீட்டுத் தறிக்கூடத்தில் நிறுத்தினாள்.

"ஏம்மா, என் கண்ணாடி எங்க போச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அனுராதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"திருத்தணி மலையில தேங்கா பையைக் குரங்கு புடுங்கினு ஓடுச்சே, அதுக்குள்ளதான் இருந்துச்சாம். நான் உள்ள போட்டதைப் பக்கத்து வீட்டு ரஞ்சிதம் பார்த்தாளாம். இந்நேரம் அது பேப்பர் படிச்சிக்கினு உக்காந்திருக்கும், போ."

அவள் சொன்ன பொய் ஊருக்குள் வரவே இல்லை. அடுத்த முறை அனுராதா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பஸ்ஸில் பேசாததைப் பிரியங்காவே எடுத்தார். வெளியில் அவர்கள் தெரிந்தவர்களா இல்லையா என்பது அனுராதாவின் இஷ்டமாம். அவள் சிரித்தால் தானும் சிரிப்பாராம். இதை முதல் நாளே சொல்லாதது தன் தப்புதான் என்றார்.

அனுராதா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, அண்டாவையும் அந்த நினைப்பையும் திக்கித் திக்கிச் சொன்னாள். எதிரே இருந்தவர் முகம் சுளிக்கவில்லை, நாற்காலியைப் பின்னால் நகர்த்தவும் இல்லை.

"என் கொழந்தையைப் புடுங்கிக்குவீங்களா மேடம்?"

"இல்லைங்க. இந்த நெனப்பு நெறைய தாய்ங்களுக்கு வருது. அப்படி நடக்க வேணாம்னு நெனைக்கிறதாலதான் இப்படிப் பயப்படறீங்க. இதுக்கு வைத்தியம் இருக்குது. உங்களைப் பக்கத்துல வெச்சுக்கினுதான் டாக்டரம்மாகிட்ட பேசுவேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் என்னால மறைக்க முடியாது. அப்பவும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

எல்லாவற்றையும் மறைப்பேன் என்று சொல்லியிருந்தால் அனுராதா நம்பியிருக்க மாட்டாள். முடியாததை முடியாது என்று சொன்னவரைத்தான் நம்பினாள். பல நாளுக்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். கண்ணாடி விஷயம் பொய் என்பதையும் அழுகையோடு ஒப்புக்கொண்டாள்.

"சோதிச்சுப் பார்த்தது நல்லதுதாங்க," என்றார் பிரியங்கா. "நான் படிச்சிருக்கேன்னு யாரும் என்னை நம்பணும்னு இல்லை. இங்க சொன்னது எங்க போவும், எங்க போவாதுன்னு தெரியாம எந்த மனசும் வாய் தொறக்காது. அதைத் தெளிவா சொல்றதுதான் என் மொத வேலை."

அன்றே இருவரும் சேர்ந்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள்.

கண்ணுகளா, பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு கிடக்காதீர்கள். உங்களை நம்பி ஒருத்தர் சொன்னதைத் தெருவில் விடாதீர்கள். உங்கள் வீட்டுத் தொட்டில்கள் நிம்மதியாக ஆடட்டும், ஆட்டுகிற கைகளுக்கும் நல்ல தூக்கம் வரட்டும்.