ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மட்டும்

காரை விற்கச் சொன்னது கார்தான். எட்டு வருடம் ஒரே ஆளோடு இருந்தது போதும் என்றது. எனக்கும் மாவுக் கடை வைக்கப் பணம் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் கோபித்துக்கொள்ளாமல் விளம்பரம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பொள்ளாச்சியிலிருந்து செங்கோடன் வந்தார். கயிறு வியாபாரி. காரை மூன்று முறை சுற்றி வந்தார். காரும் அவரை ஒரு முறை சுற்றி வந்தது. இருவருக்கும் பிடித்துவிட்டது. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று முடிவானது.

“பணத்த எம்மச்சினன் போட்டுட்டானுங்க. படம் அனுப்பியிருக்கான், பாருங்க” என்று போனை நீட்டினார்.

படத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி இருந்தது. அதன் கீழே வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். அவர் போனிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார்.

“நாந்தானுங்க உங்க பணம். ஒரு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம்.”

“அஞ்சாயிரம் அதிகமா இருக்கீங்களே.”

“அவசரத்துல கொஞ்சம் கூடப் பொறந்துட்டேனுங்க. அந்த அஞ்சத் திருப்பிக் குடுத்துட்டு, சாவியையும் குடுத்துருங்க.”

நான் பாஸ்புக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“உள்ள போங்க.”

அவர் காலை வைத்துப் பார்த்தார். போகவில்லை. தலையை நுழைத்துப் பார்த்தார். அதுவும் போகவில்லை.

“படம் வந்திருக்குங்க. பணம் வரல” என்றேன் செங்கோடனிடம்.

“உங்க ரகசிய நம்பரச் சொன்னா உள்ள போயிருவேன்” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

“பணம் உள்ள வர்றதுக்கு நம்பர் எதுக்குங்க? வெளிய போறதுக்குத்தான் அது வேணும்.”

அவர் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். பக்கவாட்டில் அவர் தெரியவே இல்லை. அவ்வளவு மெல்லிசு.

செங்கோடனின் முகம் வாடிவிட்டது. “சத்தியமா எனக்குத் தெரியாதுங்கக்கா. காசக் குடுத்து, போடுடான்னு சொன்னேன்.”

“பேங்குக்கே போயிரலாம்” என்றேன்.

அவர் வெள்ளைச் சட்டைக்காரரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காரும் கூட வந்தது.

வங்கிக்குள் ஒரு நடைபாதை இருந்தது. நடக்க நடக்க அது நீண்டது. வழியில் இரண்டு ஊர்கள் வந்தன. இரண்டாவது ஊரில் டீ நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அதிகாரி ஜெசிந்தா.

“இருப்பு எவ்வளவும்மா?” என்று என்னைக் கேட்டார்.

“ஒரு ஆள்.”

“எழுதிக் குடுங்க.”

‘இருக்கிறேன்’ என்று மூன்று பிரதிகள் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் ஒவ்வொன்றையும் என்னோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மூணாவதுல கொஞ்சம் கம்மியா இருக்கீங்க. பரவால்ல.”

செங்கோடன் தன் கணக்கிலிருந்தே பணம் அனுப்பப் படிவம் எழுதினார். “சாவி மட்டும் இப்பவே குடுத்தா கையில புடிச்சுக்கிட்டு நிப்பனுங்க” என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கை தானாகப் பைக்குள் போனது. சாவியை விட்டுவிட்டுக் கையை மட்டும் வெளியே எடுத்தேன்.

“பணம் வந்ததும் தர்றேங்க. கோவிச்சுக்காதீங்க.”

“உங்க மேல கோவமில்லீங்க. மச்சினன் மேலதான்.”

நாலேகால் ஆனது. நாலரை ஆனது. நடைபாதையின் மறுகோடியில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே குண்டாக ஒருவர் மூச்சு வாங்கியபடி வந்தார்.

“பேர்?” என்றார் ஜெசிந்தா.

“ஒரு லட்சத்து நாப்பதாயிரம்.”

“முழுப் பேர்?”

“ஒரு லட்சத்து நாப்பதாயிரம் மட்டும்.”

ஜெசிந்தா அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். தொப்பை இருந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு பாஸ்புக்குக்குள் இறங்கினார். இயந்திரம் ஒருமுறை இருமியது. வரி அச்சாகிவிட்டது. நான் இரண்டு முறை படித்தேன்.

பெயர் மாற்றும் படிவத்தில் வாங்குபவர் இடத்தைக் காலியாக விடவில்லை. செங்கோடன் என்று எழுதி, தேதியும் மணியும் போட்டேன். பிறகு ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்தேன். கடைக்கு முன்பணம் அங்கிருந்தே போனது. மணி நாலு ஐம்பது.

செங்கோடன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்கக்கா.”

பொள்ளாச்சிவரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். அவர் மனைவி வேலாத்தா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்.

“வா சாமி, வலது காலை வெச்சு வா” என்றார் காரிடம்.

கார் கொஞ்சம் யோசித்தது. நாலு டயர்களையும் வாசலில் கழற்றி வைத்தது. பிறகு உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தது. நான் நிலைப்படி அருகே தயங்கி நின்றேன்.

“ஏனுங்க, அங்கயே நிக்கறீங்க?” என்றது கார், அந்த வீட்டு ஆள்போல. “உள்ள வாங்க. மோர் குடிச்சிட்டுப் போலாம்.”