வைக்கோலுக்கு மாட்டிய சட்டை

"அண்ணன் எழுதின காயிதத்தக் குடு ஆத்தா."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டுவிட்டேன். கேப்பை புடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். எதிர்ப் பாலத்துக் கட்டையில் போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான். பத்து நாளாக அங்கேதான்.

பூமிநாதன் அண்ணன் காபூலில் ஆப்கன் ராஜாவான அமீரிடம் தந்தி வேலைக்குப் போனவன். ஆப்கன் எல்லையில் ஓர் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் ருஷ்யா. ஆறு தடம் மாறியதில் நடுவிலிருக்கும் தீவு யாருக்கென்று தகராறாகி, மார்கழியில் ருஷ்யப் பட்டாளம் தீவில் இறங்கிவிட்டது. அண்ணன் அப்போது அங்கே இருந்தான். இறந்துவிட்டான் என்று தந்தி வந்தது. ஒரு மாதம் கழித்து அவன் கையெழுத்திலேயே கடிதம்: உயிரோடு ருஷ்யர் காவலில் இருக்கிறேன். படித்துச் சொன்னவள் நான்தான். உறையிலிருந்த ருஷ்ய முத்திரையை ஊரே பார்த்திருந்தது. மறுநாள் போலீஸ்காரன் வந்து, "ஒங்க மகன் போல்ஷெவிக்கா? ருஷ்யாக்காரன் கட்சியா?" என்று கேட்டான்.

அன்றைக்கே எங்களைப் பெற்ற ஐயா முடிவு செய்துவிட்டார். உடல் கிடைக்காத சாவுக்குச் செய்வதுபோல முற்றத்தில் வைக்கோலில் ஓர் ஆள் செய்து, அண்ணனின் சட்டையை மாட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். விடிந்தால் எரிப்பது. அப்புறம் முத்தழகு மதினியின் தாலியை இறக்குவது.

"செத்தவன் வீட்டுக்குப் போலீசு வராதுடி" என்றார் ஐயா.

"அதுக்கு உசுரோட இருக்கிறவனை எரிப்பீகளா?"

"கம்மாத் தண்ணி அரிச்சிட்டுப் போன நெலத்தை எவனாச்சும் திருப்பிக் கேட்டிருக்கானா? அந்த மண்ணு போச்சு, அவனும் போனான். பி.ஏ. படிச்சவளுக்கு இது வெளங்கல."

"அண்ணன் நெலமில்ல ஐயா. நீங்களே எரிச்சிட்டா சர்க்காரு யாரைத் தேடும்?"

ஐயா வைக்கோல் ஆளின் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தக் கடிதம் அண்ணனை மீட்கலாம். ராஜத்துரோகி என்று பிடித்துக்கொடுக்கவும் செய்யலாம். ஆத்தா பானைக்குள் கையை விட்டாள். கேப்பை உதிர உதிரக் கடிதத்தை எடுத்து, என் மடியில் போட்டாள்.

அண்ணன் உயிரோடு இருக்கிறான், சர்க்கார் மீட்டுத்தர வேண்டும் என்று சிவகங்கைக் கோர்ட்டுக்கு மனுவை நேற்றே எழுதிவிட்டேன். இரண்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"நானும் வாரேன்" என்றாள் மதினி. முற்றத்தில் குனிந்து, வைக்கோல் ஆளின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை உருவிக்கொண்டாள்.

வாசல் தாண்டினோம். பாலத்துக் கட்டையிலிருந்து போலீஸ்காரன் எழுந்தான். மதினி சட்டையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே நடந்தாள்.