பின்னால் வந்த படம்

"டிஸ்க் ஃபுல்லுன்னு கத்துது ஷாலு. டெம்ப் ஃபோல்டர்ல கீறதெல்லாம் தூக்கிடு" என்றார் வால்டர், டீ கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல். ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அங்கே அவர்தான் சீனியர்.

"இன்னா படம் சார் இதெல்லாம்?"

"அடையாளம் தெரியாத பாடிங்க. பாத்து இன்னா பண்ணப் போற, மாப்ள தேடப் போறியா?"

மருத்துவமனைகள் அனுப்பும் செய்திகளைக் காவல் நிலையங்களுக்குக் கடத்திவிடும் வேலை அவர்கள் எழுதிய நிரலுடையது. முதலில் செய்தி வரும், இணைத்த படம் அதன் பின்னால் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். பெரிய படம் வந்து சேர நேரமாகும். வரிசை தேங்குகிறது என்று புகார் வந்தபோது, வால்டர் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டார். அதன்பின் செய்தி தனியாகப் போய், 'வெற்றி' என்ற பதிலையும் வாங்கிக்கொண்டது. பிந்தி வந்த படங்கள், பஸ் போன பிறகு டோல்கேட் நிறுத்தத்துக்கு ஓடிவந்தவர்களைப் போல, இந்த ஃபோல்டரில் நின்றுவிட்டன.

ஷாலு ஒன்றைத் திறந்தாள். சேறு அப்பிய ஒரு பாதம். அடுத்ததில் ஒரு கை. உப்பி வெளுத்திருந்த முழங்கையின் கீழே பச்சை குத்திய எழுத்துகள்: 'ரமா'. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும்.

ஷாலு வசிக்கும் வியாசர்பாடி குடியிருப்பில் அந்தக் கையைத் தெரியாதவர்கள் இல்லை. ஊசி வலி தாங்காமல் பாதியில் எழுந்து ஓடிவந்த அசோகனுடைய கை. "இந்தாளுக்கு நான் பாதிப் பொண்டாட்டிதான்" என்று ரமாபாய் தண்ணீர் லாரி வரிசையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போனவன் மழைக்கு முன்பிருந்தே திரும்பவில்லை.

ஷாலு அந்தப் படத்துக்குரிய செய்தியைத் தேடி எடுத்தாள். நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் ஒதுங்கிய ஆண் உடல், படம் இணைக்கப்பட்டுள்ளது. கீழே, 'வெற்றி'. அதற்கும் கீழே பிறகு வந்த இன்னொரு செய்தி: உரிமை கோரி யாரும் வரவில்லை, அடக்கம் செய்யப்பட்டது.

"சார், இதெல்லாம் திருப்பி அனுப்பலாம் சார்."

"போனது போயிடுச்சு. இப்ப அனுப்புனா இவ்ளோ நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்கன்னு கேப்பான். பேஜாரு."

அவள் அந்த ஒரு படத்தை மட்டும் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். மற்றவற்றுக்கும் இப்படி எங்கோ ஒரு வீடு இருக்கும் என்று தோன்றியது. அதற்குள் வால்டர் தன் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். திரையில் ஃபோல்டர் காலியாகக் கிடந்தது.

சாயங்காலம் குடியிருப்பின் படிக்கட்டில் ரமாபாய் உட்கார்ந்திருந்தாள்.

"எதுனா வந்துச்சா ஷாலு? ஸ்டேசன்ல போய்க் கேட்டா, படம் வரல, வந்தா சொல்றோம்ன்றான். நீ கம்ப்யூட்டர்ல கீறவ, உனுக்குத் தெரியும்ல."

ஷாலு பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி வுடு. அவரு நம்பருக்கு இன்னியோட வேலிடிட்டி முடியுது. உன் போன்லயே ரீசார்ஜ் போட்டுடு கண்ணு, துட்டு தரேன். கட்டாயிடுச்சுன்னா எப்பிடிக் கூப்புடுவாரு?"

ஷாலு போனை எடுத்தாள். கடைசியாகத் திறந்திருந்த படம் அப்படியே வெளிச்சம் பெற்று வந்தது. திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். ரமாபாய் தெருவைப் பார்த்தபடி, மனப்பாடமாக, அந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.