குழாயில் மூன்று தட்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பெரிய பெரிய கட்டடங்களில் ஊராரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவன், தான் குடியிருக்கும் இரண்டாவது மாடிக்கு ஒரு வாளித் தண்ணீரை ஏற்ற முடியாமல் தவித்தான். மோட்டார் போட்டுத் தரச் சொன்னால் வீட்டுக்காரர், "மேல் வீட்டுக்கு நல்லா காத்து வருதில்ல, தண்ணியும் வேணுமா?" என்று சிரிப்பார். அவருக்கென்ன, அவர் இருப்பது வேறு தெருவில்.

மூன்று வீட்டுக்கும் ஒரே குழாய். கீழே இஸ்திரிக்காரர், நடுவில் டியூஷன் டீச்சர், மேலே இவனும் இவன் அப்பாவும். கீழே யாராவது திறந்தால் போதும், மேலே குழாய் மூக்கால் அழும். அதனால் குடித்தனக்காரர்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். காலையில் முதலில் மேல் வீடு பிடிக்கும். பிடித்து முடித்ததும் கரண்டியால் குழாயில் மூன்று தட்டு. இரும்புக் குழாய், சத்தம் அடிவரை இறங்கும். அதைக் கேட்டு டீச்சர் திறப்பார், அவர் தட்டினால் இஸ்திரிக்காரர். சண்டை சச்சரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வைத்திருந்தது. "ஈரத்துல விடாதீங்க. தினமும் நல்லா கழுவித் துடைங்க. புண்ணு உள்ள எறங்கிட்டா அப்புறம் எங்க கையில இல்ல" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். கழுவத் தண்ணீர் வேண்டுமே! வாளி பாதி நிறைவதற்குள் குழாய் நின்றுவிடும். அந்த அரை வாளியில் அவரையும் கழுவி, துணியையும் அலசி, அவன் வேலைக்கு ஓட வேண்டும். புண் நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போனது.

இதில் அவனுக்கு ஆத்திரம் மூட்டியது வேறொன்று. தண்ணீர் நிற்பதற்கு முன்னால் குழாயில் 'டங் டங் டங்' என்று கேட்கும். முறை இவனுடையது, தட்டுவது வேறு யாரோ! தானே தட்டித் தானே திறந்துகொள்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒருநாள் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"டீச்சர், பிள்ளைங்களுக்கு நியாயம் சொல்லிக் குடுக்கற நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"என்ன தம்பி சொல்றீங்க? நீங்க தட்டினீங்க, நான் தொறந்தேன்."

"நான் எங்க தட்டினேன்? இன்னும் ஒரு வாளிகூட ரொம்பலையே!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?" டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது.

அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மறுநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வெளியே வந்தான். குழாய் எந்தப் பக்கத்திலிருந்து அதிர்கிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அது ஏறி வருவது அப்பாவின் கட்டில் ஓரமாகத்தான். அந்த அறைக் கதவைத் தள்ளினான்.

அப்பா இடது கையில் கரண்டியை வைத்துக்கொண்டு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கூப்பிடுவதற்காக ஒரு டம்ளரும் கரண்டியும் கொடுத்திருந்தவன் இவன்தான். தண்ணீர் விழும் இரைச்சலில் டம்ளர் சத்தம் இவனுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. குழாயில் தட்டினால்தான் மகனுக்குக் கேட்கும் என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். வேட்டி நனைந்திருந்தது. உள்ளே வாளியில் விழும் சத்தம் மெலிந்து, நின்றும் போனது.

"நீங்கதானா இத்தனை நாளா என் உயிரை வாங்கறது?"

யோசித்துச் சொன்னதில்லை. தூக்கமில்லாத உடம்பும் ஆத்திரமும் சேர்ந்து சொன்னது. அப்பா அவனைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கரண்டியைத் தலையணைக்கு அடியில் மெல்லத் தள்ளி வைத்தார்.

அன்றே அவன் கீழே இறங்கிப்போய் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டான். "விடுங்க தம்பி, அந்தப் பெரியவர் என்ன பண்ணுவாரு பாவம். இனிமே தட்டற சத்தத்தை நாங்க கணக்கிலயே எடுத்துக்க மாட்டோம். நீங்க முடிச்சிட்டு வந்து கதவைத் தட்டுங்க, போதும்" என்றார் அவர். இஸ்திரிக்காரரும் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாகத் தீருகிற விஷயத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மேலே வந்து அப்பாவிடம் சொன்னான். "கீழ பேசிட்டேன்பா. இனிமே நீங்க எவ்வளவு வேணா தட்டலாம், தண்ணி நிக்காது." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு வாளி நிறைந்தது, அண்டாவும் நிறைந்தது. இன்றைக்கு அப்பாவைத் தலையோடு குளிப்பாட்டிவிடலாம் என்று அவன் சந்தோஷமாக அடுத்த வாளியை வைத்தான். அப்போதுதான் உறைத்தது. சத்தமே கேட்கவில்லை.

ஓடினான். அப்பா விழித்துத்தான் இருந்தார். எப்போது நனைத்துக்கொண்டாரோ, பாயெல்லாம் ஊறி விரிப்பு முதுகுப் புண்ணோடு ஒட்டியிருந்தது. வலி பொறுக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி தலையணைக்கு அடியில் நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது.

"தட்ட வேண்டியதுதானேப்பா? நான்தான் சொன்னேனே!"

கரண்டியை எடுத்து அவர் இடது கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான். அவை விரிந்துகொண்டன. மறுபடி மடக்கினான். மறுபடி விரிந்தன. நல்ல கைதான் அது, நேற்றுவரை தட்டிய கைதான்.

"தெரியாம சொல்லிட்டேன்பா. ஒரே ஒரு தட்டு தட்டுங்கப்பா."

கரண்டி தரையில் விழுந்தது. உள்ளே வாளி நிறைந்து, தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.