கூரைக்குப் பக்கத்தில் ஒரு காஸ் அலாரம்

என் வீட்டுக்காரர் அசோக்குமாருக்குப் பயம் வந்தால், வீட்டுக்கு ஒரு சாமான் வந்துவிடும். ஓசூரில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் காஸ் பற்றிக்கொண்டதும், மறுநாளே காஸ் அலாரம் வாங்கி வந்தார். எங்கள் ஒரு வயது வினிதா கையில் கிடைத்ததை எல்லாம் பிடித்து இழுப்பவள். அதனால் ஸ்டூல் போட்டு ஏறி, சமையலறையில் கூரையை ஒட்டி மாட்டினார்.

"சாமி படத்தக்கூட இவ்ளோ உசரத்துல மாட்டலீங்க," என்று கிண்டல் செய்தேன். ஆனாலும் அதில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தால் எனக்கும் தைரியமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் எனக்கு மூக்கடைத்த சளி. பாலைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வினிதா சமையலறைத் தரையின் குளிர்ச்சியில் தூங்கிப்போயிருந்தாள். உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு சாந்தம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காஸ் வாசம் வருது ரஞ்சிதா."

"அலாரம் அடிக்கலையேக்கா."

இந்த அக்காவுக்கு எதிலும் சந்தேகம் என்று சலித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், லைட் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். பின்னாலேயே வந்தவர் பதற்றத்தில் கன்னடம் கலந்து கத்தியபடி என் கையைத் தட்டிவிட்டார்.

"பேடா, பேடா. தொடாத."

அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருந்தது. அடுப்பின் திருகு திறந்தபடியே இருந்தது. சாந்தம்மா அடுப்பை மூடிப் பின்கதவைத் திறக்க, நான் குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். அவள் தலை என் தோளில் துவண்டு கிடந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன். கண் திறக்கவில்லை. சாந்தம்மா அவள் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் என் மேல் வாந்தி எடுத்துவிட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகை நிற்கவே கூடாது என்று இருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்; டாக்டர் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரருக்குச் சொல்லவும் வழியில்லை. கம்பெனி கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பாழாய்ப்போன அலாரத்தையும் அதை வாங்கியவரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே சாயங்காலம் வரை குழந்தையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவர் நான் சொன்னதைக் கேட்டதும் மேலே அலாரத்தைப் பார்த்தார்.

"கடைக்காரன் ரிப்பேரான சாமானத் தலையில கட்டிட்டான் போலிருக்குங்க," என்றேன்.

"பாப்பா எங்க படுத்திருந்தா?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"அது ரிப்பேர் இல்ல ரஞ்சிதா. சமையல் காஸ் மேல ஏறாது. தரையோட தரையாத்தான் படியும். கம்பெனி கேன்டீன்ல தரையிலருந்து ஒரு அடி உசரத்துலதான் இத மாட்டியிருக்கு. பாப்பா கை படக்கூடாதுன்னு இங்க மேல மாட்டினது நான்தான்."

அந்த ஒரு அடிக்குள்தான் என் குழந்தை மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் தொண்டை வரை வந்தது. அவர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

குழந்தையை அவர் மடியில் கிடத்திவிட்டு, அலாரத்தைக் கழற்றிக் கீழே மாட்ட, ஸ்டூலை இழுத்துப் போட்டு நானே ஏறினேன்.