ஜோஸ்லின் வீட்டுப் புதன்கிழமைகள்

கடலோர ஊரான போர்ட் மரியாவிலிருந்து மலையேறும் சாலையில், பேருந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது எங்கள் நண்பர் சபையின் கூடம். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஞாயிறு காலையில் வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளுக்குள் ஒரு சொல் எழுந்தால் நின்று சொல்லுவார்கள். எழாவிட்டால் அதுவும் இல்லை. வருகிறவர்கள் குறைந்து குறைந்து கடைசியில் பத்துப் பதினோரு பேர்தான் மிச்சம்.

ஊர்க்காரர்களை எப்படி அணுகுவது என்று யோசிக்க மூன்று பேரைப் போட்டார்கள். ரொட்டிக்கடை வெரோனா, வேன் ஓட்டும் ரான்ஸ்ஃபோர்டு, தையல்காரியான நான். வெரோனா கடையின் பின்கட்டில், அடுப்பு ஆறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கூடினோம்.

“மீன் வறுத்துப் போடுவோம்” என்றாள் வெரோனா. “கூடத்து முற்றத்துலயே. மீனு, மரவள்ளி ரொட்டி, எலுமிச்சைத் தண்ணி. வாசனைக்கே ஊரு திரண்டு வந்துடும்.”

“வரும். தின்னுட்டுப் போயிடும்” என்றான் ரான்ஸ்ஃபோர்டு. “அப்புறம் என்னன்னு கூப்பிடுவீங்க சிஸ்டர்? ‘ஞாயித்துக்கிழமை வாங்க, நாங்க ஒண்ணுமே சொல்ல மாட்டோம்’னா?”

“அப்ப உன் வேன்ல ஒரு பேனர் கட்டு.”

“என் வேன்ல ஏறுறவங்க ஏற்கெனவே ஜெபம் பண்ணிட்டுத்தான் வர்றாங்க. வளைவு வந்தா சத்தமாவே பண்றாங்க.”

எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லார் மனசும் ஒரு பக்கம் சாயும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். வெரோனா நேற்றைய பன்னை வெட்டி, நடுவில் சீஸ் வைத்துக் கொடுத்தாள். அதைத் தின்று முடித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. “வீடு வீடாப் போவோம். சபையைப் பத்திப் பேச வேணாம். உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் கேப்போம்.”

“கேட்டுட்டு?”

“அது கேட்ட பிறகுதானே தெரியும்” என்றேன்.

அடுத்த புதன்கிழமை கிளம்பினோம். முதல் வீட்டு வாசலிலேயே வெரோனா நின்றுவிட்டாள். “இது லெஸ்டர் வீடு. நான் வரல.”

காரணம் எங்களுக்குத் தெரியும். லெஸ்டர் முன்பு பெரிய பெரிய ஸ்பீக்கர்கள் வைத்து ஆட்டம்பாட்டம் நடத்திக்கொண்டிருந்தவன். கூடத்துக்கு எதிரிலேயே சனி இரவு தொடங்கினால் ஞாயிறு காலை வரை எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். வெரோனா போலீஸைக் கூட்டி வந்தாள். அதற்குப் பதிலாக அவன் மாதக்கணக்கில் மைக்கில் முழங்கினான்: “வெரோனா கடைப் பன்னு, அத்தனையும் கல்லு, பத்திரம் உங்க பல்லு!” சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

“ஊரைப் பாக்கப் போறோம்னு கிளம்பியாச்சு சிஸ்டர்” என்றான் ரான்ஸ்ஃபோர்டு. “லெஸ்டரும் ஊருல ஒருத்தன்தானே?”

அவள் முறைத்தாள். பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனாள்.

லெஸ்டரின் மனைவி ஜோஸ்லின் கதவைத் திறந்தாள். கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. போன வருஷம் லெஸ்டருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவன் திடீர் திடீரென்று எழப் பார்த்துக் கீழே விழுவதும், அதனால் இவள் இரவிலும் பகலிலும் கண் மூடாமல் இருப்பதும் தெரியாது.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை. “தூக்கம். உங்க சபையில அது இருக்கா?”

வெரோனா தன் கைப்பையைத் தரையில் வைத்தாள். “போய்ப் படு. நாங்க உக்காந்திருக்கோம்.”

“இங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க மிஸ் வெரோனா?”

“ஒண்ணும் பண்ண மாட்டோம். எங்களுக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதான்.”

ஜோஸ்லின் உள்ளறைக்குப் போனாள். கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

முன்னறைக் கட்டிலில் கிடந்த லெஸ்டர் வெரோனாவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் ரான்ஸ்ஃபோர்டும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். தகரக் கூரையில் மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை எப்படி உட்காருவோமோ அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். வற்புறுத்தாத மௌனம் அது. மழை விடும் நேரத்தில் அவன் மெல்ல முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். வெரோனாவையே வெகுநேரம் பார்த்தான். உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

“க... க...”

வெரோனா குனிந்தாள். “கல்லுன்னு சொல்ல வர்றியா?”

அவன் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

“பாருங்க, படுத்துக் கெடந்தாலும் இவன் வாய்க்கொழுப்பு அடங்கல!” என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு தாளாமல் பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து அவன் காதையும் கடைவாயையும் துடைத்துவிட்டாள். அவன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இருட்டும்வரை விடவில்லை.

அதன் பிறகு புதன்கிழமைதோறும் போனோம். வெரோனா பன்னைப் பாலில் ஊறவைத்து எடுத்து வருவாள். “இப்பக் கடிச்சுப் பாருடா” என்று ஊட்டுவாள்.

மாதக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். “சபைக்குப் புதுசா எத்தனை பேரு வந்தாங்க?”

“யாரும் வரல. நாமதான் போய்க்கிட்டிருக்கோம்” என்றேன்.

அதே பெரியவர், “வெள்ளிக்கிழமை நான் சும்மாதான் இருக்கேன். இந்த மாதிரி வேற வீடு இருந்தா சொல்லு” என்றார். அப்படித்தான் ஆற்றங்கரைப் பக்கம் இன்னும் இரண்டு வீடுகள் சேர்ந்தன. மீனும் வறுத்தோம். ஊரே வந்து தின்றுவிட்டுப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரான்ஸ்ஃபோர்டு லெஸ்டருக்குத் துணையாக இருந்துகொண்டு, ஜோஸ்லினை எங்களிடம் அனுப்பினான். அவள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்திலேயே தலை என் தோளில் சாய்ந்தது. லேசான குறட்டையும் வந்தது.

நேரம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கி எழுவது வழக்கம். வெரோனா கையை நீட்டினாள், திரும்பி ஜோஸ்லினைப் பார்த்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒருவரும் எழவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு சபையில் மேளம் ஓய்ந்து, ஜனங்கள் வெளியே வந்து, எங்கள் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். வெயில் பெஞ்சின் மேல் ஏறியது. என் தோள் மரத்துப்போயிற்று.

ஜோஸ்லின் பாதிக் கண் திறந்தாள். “முடிஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்ல” என்றாள் வெரோனா. “நீ தூங்கு.”